கொள்ளு தின்ற கார்

கார் வந்து நின்றதும் அத்தர் வாசனை வந்தது.

எங்கள் பட்டறைக்கு அது புதுசு. டீசல், கிரீஸ், கருகிய பிரேக் லைனிங், என் மச்சான் தேவராஜின் பீடி, இவைதான் அங்கே நிரந்தரக் குடித்தனம். லாரிச் சக்கரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நான் நிமிர்ந்து பார்த்தேன். கரும்பச்சை நிறத்தில் ஒரு ஜெர்மன் கார். நீளமான மூக்கு. ஸ்டியரிங் இடது பக்கம். கூரையில் மட்டும் பாலைவன வெயிலில் பெயிண்ட் வெளுத்திருந்தது. திண்டிவனத்தில் அப்படி ஒரு வண்டியை யாரும் பார்த்ததில்லை என்பதற்கு, எதிர் டீக்கடையே காலியாகி எங்கள் வாசலில் வந்து நின்றதுதான் சாட்சி.

வெள்ளை ஜிப்பா போட்ட ஒருவர் இறங்கினார்.

"பிரேக்கு கஜேந்திரன் நீங்கதானா?"

"நான்தான். சொல்லுங்க பாய்."

"உள்ள வந்து பாருங்க. ஒரு லைட்டு எரியுது. ஒரே பேஜாரா போச்சு."

எட்டிப் பார்த்தேன். வேகம் காட்டும் முள்ளுக்குக் கீழே, பழுத்த மாம்பழ நிறத்தில் ஒரு சின்ன விளக்கு. அதன்மேல் மூன்று ஆங்கில எழுத்துகள்: ஏ.பி.எஸ். மச்சான் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துவிட்டு, "ஓனரோட இனிஷியலா இருக்கும் மாமா" என்றான்.

பாய் சிரிக்கவில்லை. அவர் பெயர் சலாம். கோட்டக்குப்பத்துக்காரர். துபாயில் ஜவுளிக் கடை. அங்கே பல வருஷம் ஓட்டிய காரைப் போன தடவை லீவில் வந்தபோது கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்து, வீட்டு வாசலில் நிறுத்தி, ஒரு டிரைவரையும் வைத்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறார். இந்த லீவில் வந்து பார்த்தால் விளக்கு எரிகிறது.

"பாண்டியில நெறைய பேர்கிட்ட காட்டியாச்சு. ஒருத்தன் பல்பைக் கழட்டிடலாம்ன்றான். பல்பைக் கழட்டினா லைட்டு போவும், நோவு போவுமா? வெள்ளிக்கிழமை எனக்கு ஃப்ளைட்டு. அதுக்குள்ள இது அணையணும். அணையலன்னா வண்டிய கொட்டாயில வுட்டு, தார்ப்பாய் போட்டு மூடிட்டு, ரெண்டு சாவியையும் எடுத்துக்கினு போயிடுவேன். பிரேக்குல கோளாறுன்னு லைட்டு எரியற வண்டியில பொண்டாட்டி புள்ளைங்கள வுட்டுட்டு, அங்க போயி நான் எப்படிங்க தூங்கறது?"

சொல்லும்போதே ஜிப்பா பையைத் தட்டிக்கொண்டார். உள்ளே சாவி கிணுகிணுத்தது. ஒரு சாவி டிரைவரிடம். இன்னொன்று எப்போதும் அவர் பையில். துபாய்க்குப் போனாலும் கூடவே போய்வரும்.

பின் சீட்டில் வெள்ளைத் துப்பட்டிக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. "மூடி வெச்சா எலிதாங்க குடியிருக்கும். அவரு பாத்துடுவாரு, சும்மா இருங்க."

அது பாயின் மனைவி மெகருன்னிசா. சொன்னது பாயிடம்தான். ஆனால் பார்த்தது என்னை. எப்படியாவது அணைத்துக் கொடுங்கள் என்று அந்தக் கண் கெஞ்சியது. ஒரு விளக்குக்காக இந்த அம்மாவுக்கு ஏன் இவ்வளவு பதற்றம் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

மூக்கு போட்ட சோறு

போன வாரம் இந்தத் தொடரில், எங்கள் கல்யாணத்தன்று மாப்பிள்ளை அழைப்புக்கு வந்த வாடகைக் கார் நடுரோட்டில் நின்றுபோன கதையை எழுதியிருந்தேன். படித்துவிட்டு என் மனைவி, "எங் கல்யாணக் கதையில என்னை எங்கியுமே காணமே" என்றாள். இந்த வாரமும் அவள் வரமாட்டாள். அதற்குப் பதிலாக இன்னொருவர் மனைவி வருகிறார். அதற்கு வேறு தனியாகச் சண்டை இருக்கிறது.

பிரேக் வேலையை நான் கற்றது விழுப்புரத்தில், ஜங்ஷன் பக்கத்தில் இருந்த ஒரு லாரிப் பட்டறையில். கற்றது கையால் என்று எல்லோரும் நினைத்தார்கள். நிஜத்தில் மூக்கால். லைனிங் கருகினால் ஒரு நாற்றம். பிரேக் ஆயில் காய்ந்தால் தொண்டையில் ஒட்டுகிற ஒரு தித்திப்பு வாசனை. உள்ளே ரப்பர் வாஷர் வெந்துபோனால் அது வேறு. லாரி வந்து நின்றதும் சுற்றி ஒரு நடை நடந்து, "வலது பக்கம், பின்னால" என்பேன். கழற்றிப் பார்த்தால் அதேதான் இருக்கும்.

கல்யாணமாகித் திண்டிவனத்துக்கு வந்து மச்சானோடு சேர்ந்து கடை போட்டபோது இந்த மூக்குதான் சோறு போட்டது. மேல்மலையனூர் அம்மன் கோயிலில் அமாவாசை என்றால் பஸ்ஸும் லாரியும் ஜனத்தை அடைத்துக்கொண்டு போகும். முழு பாரத்தோடு பிரேக் பிடித்துப் பிடித்து வெந்துபோய், மறுநாள் எங்கள் வாசலில் வரிசை கட்டி நிற்கும். ஊருக்கெல்லாம் தீபாவளி ஐப்பசியில் என்றால் எங்களுக்கு மாதா மாதம் தீபாவளி.

ஆகவே அன்றைக்கும் அதே கெத்தோடு பாயின் காரைச் சுற்றி வந்தேன். நாலு சக்கரத்துக்கும் குனிந்து முகர்ந்தேன். டீக்கடைக் கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு என் வாயைப் பார்த்தது.

நாலு சக்கரத்திலும் அத்தர் வாசனைதான் வந்தது.

டீ ஆறுவதற்குள்

மூக்கு கைவிட்டால் கை இருக்கிறது. பழைய பிரேக் ஆயிலை இறக்கிவிட்டுப் புதுசு ஊற்றினோம். மச்சான் பெடலை மிதிக்க, நான் ஒவ்வொரு சக்கரமாகப் படுத்துக் குழாயில் இருந்த காற்றை எடுத்தேன். முன் சக்கரங்களில் பேட் தேய்ந்திருக்கிறதா என்று வெளியிலிருந்தே டார்ச் அடித்துப் பார்த்தேன். தாராளமாக இருந்தது. அதனால் கழற்றவில்லை. ஜெர்மன் காருக்கு ஜெர்மன் நோய்தான் வரும், உள்ளே எங்கோ கம்ப்யூட்டர் மாதிரி ஒரு டப்பா இருக்கும், அதில்தான் கோளாறு என்று எனக்கு நானே முடிவு கட்டியிருந்தேன்.

"ஸ்டார்ட் பண்ணுப்பா" என்றேன் டிரைவரிடம். டிரைவர் பெயர் ஏழுமலை. ஒல்லியான, வெற்றிலை போட்ட, எதற்கும் முதலில் எச்சில் விழுங்கிவிட்டுப் பதில் சொல்கிற ஆள்.

சாவியைத் திருப்பினான். விளக்கு எரிந்தது. எஞ்சின் உறுமியது. விளக்கு அணைந்தது!

டீக்கடைக் கூட்டம் கை தட்டாத குறை. பாய் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். எல்லோருக்கும் டீ சொன்னார். நான் பெரிய மனுஷன் மாதிரி, "சின்ன விஷயம்தான் பாய், ஆயில் பழசு" என்றேன். கார் கிளம்பிப் போயிற்று. மச்சான் கிளாஸை வாயில் வைத்தான். டீ இன்னும் ஆறவில்லை, கார் பஸ் ஸ்டாண்டைச் சுற்றிக்கொண்டு திரும்பி வந்துவிட்டது. மாம்பழம் மறுபடியும் பழுத்திருந்தது.

"என்னாங்க இது?" என்றார் பாய். குரலில் மரியாதை கொஞ்சம் குறைந்திருந்தது.

நான் தலையைச் சொறிந்துகொண்டிருந்தபோது பின் சீட்டிலிருந்து அந்த அம்மா சொன்னார். "நின்னுக்கினு இருக்கறப்ப அது எரியாதுங்க. நகர்ந்து கொஞ்சம் ஸ்பீடு எடுத்தாத்தான் எரியும். அப்பறம் இன்னொண்ணு. மின்னாடியெல்லாம் பிரேக்க ஓங்கி மிதிச்சா பெடலு காலுல குறுகுறுன்னு உதைக்கும். லைட்டு எரிய ஆரம்பிச்சதுலேர்ந்து உதைக்கறதே இல்ல."

பாய் திரும்பிப் பார்த்தார். "உனக்கு எப்படித் தெரியும் மெகரு?"

"ஏழுமலை சொன்னான்."

"ஆமாம் பாய், நாந்தான் சொன்னேன்" என்றான் ஏழுமலை. அன்றைக்கு முதல் தடவையாக எச்சில் விழுங்காமல் பதில் சொன்னான்.

எனக்கு அது உறுத்தியது. ஆனால் அதைவிட அந்த அம்மா சொன்ன விஷயம்தான் உள்ளே குடைந்தது. இரண்டு நாள் டைம் கேட்டு அனுப்பிவிட்டு, விழுப்புரத்துக்குப் பஸ் ஏறினேன்.

தம்பியும் சைக்கிள் டைனமோவும்

விழுப்புரத்தில் என் தம்பி ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தான். அவனுக்கும் எனக்கும் ஒத்துப்போகாது. அவனைப் பொறுத்தவரை நான் கரி பூசிய ஆள். என்னைப் பொறுத்தவரை அவன் தூசி தட்டிப் பிழைக்கிற ஆள். ஆனால் வீட்டில் யாருக்கும் தெரியாத ஒரு ரகசியம், அவனுக்கு மூளை உண்டு.

விஷயத்தைச் சொன்னேன். ஈயம் பற்றவைக்கிற சூட்டுக் கம்பியை ஸ்டாண்டில் செருகிவிட்டு, "ஏண்ணா, சைக்கிள் டைனமோ நின்னுக்கினு இருந்தா லைட்டு எரியுமா?" என்றான்.

"எரியாது."

"சக்கரம் சுத்தினாத்தான் கரண்டு. அந்த வண்டியிலயும் சக்கரம் சுத்துதா, நிக்குதான்னு தெரிஞ்சிக்க அந்த மாதிரி எதையோ வெச்சிருக்கான். வண்டி நின்னா ஒண்ணும் தெரியாது, அதனால கம்முனு இருக்கு. ஓடினா வர வேண்டிய கரண்டு எங்கியோ ஒரு சக்கரத்துலேர்ந்து வரல. அதான் லைட்டு போட்டுக் கத்துது."

காரைத் துபாயில் தனக்கு விற்றவன், எவ்வளவு ஓங்கி மிதித்தாலும் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காது என்று சொன்னதாகப் பாயும் சொல்லியிருந்தார். அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. வழுக்கப் போகிற சக்கரத்தை விட்டு விட்டுப் பிடிக்கிறது வண்டி. அந்த விட்டுப்பிடிப்பைத்தான் கால் உதைப்பாக உணர்ந்திருக்கிறது. சக்கரம் சுற்றுவது தெரியாவிட்டால் வண்டி அந்த வேலையை நிறுத்திவிட்டு விளக்கைப் போடும். பிரேக் சாதாரண பிரேக்காக வேலை செய்யும், அவ்வளவுதான்.

தம்பியிடம் கரண்டு பார்க்கிற மீட்டரை வாங்கிக்கொண்டு கிளம்பினேன். "ஜாக்கிரதை, கிரீஸ் கையால தொடாத" என்றான். பஸ்ஸில் திண்டிவனம் வரும்வரை அதைக் கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

செத்துக் கிடந்த முள்

பாய் மறுபடி வந்தபோது காரை ஜாக்கி போட்டுத் தூக்கினோம். சக்கரத்துப் பக்கம் வரும் வயர்களைத் தேடினேன். முன்னால் இரண்டு சக்கரத்துக்கும் தனித்தனியாக ஒரு வயர். பின்னால் நடுவில் ஒன்று. ஒவ்வொன்றாக முனையைக் கழற்றி மீட்டரை வைத்தேன்.

"மச்சான், இடது பக்கம் சுத்து."

மச்சான் சக்கரத்தைக் கையால் ஓங்கிச் சுழற்றினான். மீட்டர் முள் மெல்ல நடுங்கி எழுந்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இத்தனை வருஷம் மூக்கால் பார்த்த பிரேக்கை முதன்முதலாகக் கண்ணால் பார்க்கிறேன்! பின்பக்கமும் முள் எழுந்தது. வலது முன் சக்கரத்துக்கு வந்தோம். மச்சான் சுழற்றோ சுழற்று என்று சுழற்றினான். முள் அப்படியே செத்துக் கிடந்தது.

"இங்கதான் பாய்" என்றேன்.

பாய் முட்டிபோட்டு உட்கார்ந்தார். அந்த அம்மாவும் இறங்கி வந்து துப்பட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஏழுமலை மட்டும் பத்தடி தள்ளி, வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சக்கரத்தைக் கழற்றி, பிரேக் தட்டையும் எடுத்தேன். அதற்குப் பின்னால் பல் பல்லாக வெட்டிய ஓர் இரும்பு வளையம் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. பறவை கூடு கட்டின மாதிரி காய்ந்த கொடி அங்கே சுற்றிச் சுற்றி இறுகிப்போய்க் கிடந்தது. வளையத்தை ஒட்டி நின்று அது சுற்றுவதை உணர வேண்டிய விரல் தண்டிக் கருவியை அந்தக் கொடி பிதுக்கி வெளியே தள்ளி வைத்திருந்தது. ஸ்க்ரூ டிரைவரைக் கொடுத்து நெம்பினேன்.

பொலபொலவென்று கொள்ளு கொட்டியது.

சாட்சாத் கொள்ளு. ரசம் வைக்கிற கொள்ளு. கீழே விரித்திருந்த சாக்கின் மேல் ஒரு கைப்பிடி இருக்கும். மச்சான்தான் முதலில் வாயைத் திறந்தான். "இதுல அத்தினி குதிரை சக்தி இருக்குன்னு சொன்னாங்களே மாமா. அதான் கொள்ளு தின்னுருக்கு."

டீக்கடையே விழுந்து விழுந்து சிரித்தது. நானும்தான் சிரித்தேன். பாய் மட்டும் அந்தக் கொள்ளை உள்ளங்கையில் எடுத்து, நகைக்கடைக்காரர் மாதிரி உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ரோடே களம்

இங்கே கொஞ்சம் நிறுத்தி, எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். பட்டணத்து வாசகர்களுக்குத் தெரியாது.

பொங்கல் கழிந்துவிட்டால் செஞ்சி ரோட்டில் தார் தெரியாது. கொள்ளு, கேப்பை என்று அறுத்ததையெல்லாம் ரோட்டில் பரப்பிவிடுவார்கள். பஸ், லாரி, எது வந்தாலும் அதன்மேல் ஏறித்தான் போக வேண்டும். சக்கரம் ஏற ஏற மணி உதிரும். சாயங்காலம் கூட்டி அள்ளித் தூற்றிக்கொள்வார்கள். மாடு வேண்டாம், கூலி வேண்டாம். அரசாங்கம் போட்ட ரோடு, ஊரான் வீட்டு டயர்.

இதில் கேப்பை நல்ல பிள்ளை. கொள்ளுக் கொடி இருக்கிறதே, அது கெட்டது. நீளமாக நார் மாதிரி கிடந்து சக்கரத்துக்குள் சுற்றிக்கொள்ளும். ஒரு தடவை ஒரு லாரி ஆக்சிலில் சுற்றிய கொடி உரசி உரசிப் புகைந்து, டிரைவர் குதித்து ஓடி, வயல்காரர்கள் பானைத் தண்ணீரை ஊற்றி அணைத்தார்கள். அப்புறம் அந்த டிரைவர் கத்திய கத்தலில் பாதியை இங்கே எழுத முடியாது. ஆசிரியர் வெட்டிவிடுவார்.

விஷயம் இதுதான். இந்த வழக்கம் செஞ்சி ரோட்டில் உண்டு. கோட்டக்குப்பத்திலிருந்து பாண்டிக்கோ, திண்டிவனத்துக்கோ போகிற பெரிய ரோட்டில் கிடையாது. அங்கே போக்குவரத்து அதிகம். கொள்ளைப் போட்டால் கொள்ளும் மிஞ்சாது, போட்டவனும் மிஞ்சமாட்டான்.

பாய்க்கும் அது தெரிந்திருந்தது.

"சாவியக் கொடு"

"ஏழுமலை, இங்க வா." பாய் எழுந்து நின்றார். "நம்ம வண்டி பாண்டிய வுட்டா வேற எங்கியும் போவாதே. இந்தக் கொள்ளு எங்கேர்ந்து வந்துச்சு?"

ஏழுமலை எச்சில் விழுங்கினான்.

"நான் இல்லாத நேரத்துல வாடகைக்கு ஓட்டினியா?"

"அல்லா சத்தியமா இல்ல பாய்" என்றான் ஏழுமலை. கழுத்தில் துளசி மாலையோடு அவன் அப்படிச் சத்தியம் செய்ததைக் கேட்டு மச்சானுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் முறைத்தேன்.

"அப்ப எங்க ஓட்டினே? வாயத் தொற. சொல்லலன்னா இன்னியோட வேலைக்கு வராத. சாவியக் கொடு."

ஏழுமலை பையில் கைவிட்டான். சாவியை எடுத்தான். வாய் மட்டும் திறக்கவில்லை. எனக்கு அவன்மேல் பரிதாபமும் கோபமும் சேர்ந்து வந்தது. வேலை போகிறது, இவன் கல்லு மாதிரி நிற்கிறானே!

"அவனை ஏன் திட்டறீங்க?" என்றார் மெகருன்னிசா. "ஓட்டினது நான்."

டீக்கடைக் கூட்டம் இன்னும் ஓர் அடி முன்னால் வந்தது.

"என்னா?"

"நான்தாங்க ஓட்டினேன். ஏழுமலை பக்கத்துல உக்காந்து சொல்லிக் கொடுத்தான். உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கினேன். நம்மூர்ல ஓட்டினா தெருவே பேசும். பொம்மையார்பாளையம் பக்கம் போனா மீன்காரம்மாங்க அத்தினி பேரும் தெரிஞ்சவங்க. அதான் செஞ்சி ரோட்டுல தீவனூர் தாண்டிப் போயி ஓட்டினோம். அங்க என்னை யாருக்குத் தெரியும்?"

பாய்க்குக் குரல் உடைந்தது. "எனக்குத் தெரியாமயா மெகரு?"

"நீங்க பக்கத்துல இருந்தா கேட்டிருப்பேன். இருக்கறது வருசத்துல ஒரு மாசம்." அந்த அம்மா குரலை உயர்த்தவில்லை. "சின்னவளுக்கு வாந்தியும் பேதியுமா போச்சே, கடுதாசியில எழுதினேனே. ஏழுமலைக்குக் காய்ச்சல், வர முடியல. வாசல்ல இவ்ளோ பெரிய காரு நிக்குது. நான் புள்ளையத் தூக்கிக்கினு பஸ்ஸுக்கு ஓடறேன். பஸ்ஸுல நின்னுக்கினே போனேன். அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன். நீங்க கொட்டாயில வெச்சி மூடுங்க, நான் வேணாங்கல. மறுபடி அப்படி ஒரு நாள் வந்தா நான் தார்ப்பாய்க்கு முன்னால நின்னு அழுவணும், அவ்வளவுதான்."

எங்கள் பெரியவனுக்கு ஜுரம் வந்து என் மனைவி தனியாகத் தூக்கிக்கொண்டு ஓடிய நாளில் நானும் எங்கேயோ ஒரு லாரிக்கு அடியில்தான் படுத்திருந்தேன்.

பாய் ஏழுமலையின் கையிலிருந்த சாவியையும் பார்த்தார், கொள்ளையும் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்து, "மொதல்ல இதை மாட்டுங்க" என்றார்.

தெரிந்த கால்

கொடியைத் துணுக்குத் துணுக்காகப் பிடுங்கி, வளையத்தைப் பெட்ரோலில் கழுவி, அந்த விரல் தண்டிக் கருவியை அதன் இடத்தில் தள்ளிப் பொருத்தினேன். சக்கரத்தைச் சுழற்றினால் மீட்டர் முள் எழுந்து நடுங்கியது. சந்தோஷம்தான். ஆனால் ஒருமுறை டீ வாங்கிக் குடித்து அவமானப்பட்டவன் நான். ஓட்டிப் பார்க்காமல் வாயைத் திறப்பதாக இல்லை.

"விளக்கு அணைஞ்சா மட்டும் போதாது பாய். ஓங்கி மிதிச்சா பெடல் உதைக்கணும். அது மின்னாடி எப்படி உதைச்சதுன்னு தெரிஞ்ச கால்தான், இப்ப சரியா உதைக்குதான்னு சொல்ல முடியும். உங்களுக்குத் தெரியுமா?"

"நான் எங்கங்க அப்படி மிதிச்சேன்? அங்க நேர் ரோடு. ஒரு தடவைகூட உதைச்சதில்ல."

"ஏழுமலை?"

"நான் நிதானமா ஓட்டறவங்க" என்றான் அவன், முதல் தடவையாகக் கொஞ்சம் பெருமையோடு.

மிச்சம் ஒரு கால்தான். யாரும் அதைச் சொல்லத் துணியவில்லை. நானும் சொல்லவில்லை. துணியால் கையைத் துடைத்துக்கொண்டு, இடது பக்கக் கதவை மட்டும் திறந்து வைத்தேன்.

மெகருன்னிசா துப்பட்டியை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். ஏழுமலை ஓடிவந்து சாவியைக் கொடுத்தான். பாய் வலது பக்கமாகச் சுற்றிப் போய், தன் காரில் முதன்முறையாக ஸ்டியரிங் இல்லாத முன்சீட்டில் ஏறினார். நானும் ஏழுமலையும் பின்னால்.

ஊரைத் தாண்டும்வரை விளக்கு எரிகிறதா என்று நாலு பேரும் ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டு வந்தோம். "ஒருத்தராவது ரோட்ட பாக்கணும்" என்றார் அந்த அம்மா. விளக்கு எரியவில்லை.

தீவனூர் தாண்டியதும் ரோடெல்லாம் கொள்ளு. முறத்தோடு நின்றிருந்த ஒரு பெண் காரைப் பார்த்ததும் கையை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தார். "ஏய், பச்சை வண்டி அம்மா வந்துட்டாங்கடி! என்னாம்மா, ஒரு மாசமா ஆளையே காணம்? கொள்ளு அப்படியே கெடக்குது. அந்தாண்ட ஓரமும் ரெண்டு ஏத்து ஏத்திட்டுப் போங்க. லாரிக்காரன் நடுவுல மட்டும் ஓட்டிட்டுப் போயிடறான்."

பாய் மெல்லத் திரும்பித் தன் மனைவியைப் பார்த்தார். தன்னை யாருக்குமே தெரியாத ஊர் என்றல்லவா அந்த அம்மா சொன்னார்!

"உனக்கு இதே வேலையா?" என்றார் பாய்.

"கேட்டா என்னா பண்றது? ஏத்திவுட்டுத்தான் போவேன்." சொல்லிக்கொண்டே கொடியின் மேல் ஏற்றி, வேகமெடுத்து, ஓங்கி ஒரு மிதி மிதித்தார். வழுக்கிக்கொண்டு வயலில் இறங்கப் போகிறோம் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். கடகடவென்று அடியில் ஒரு சத்தம். கார் கோடு போட்ட மாதிரி நேராகப் போய் நின்றது.

"உதைக்குது!" என்று கத்தினார் மெகருன்னிசா. "அதே உதை! உதைக்குதுங்க!"

ஏழுமலை கை தட்டினான். நான் அவனைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். விளக்கு எரியவில்லை. திரும்பும்போது பாய் அவரை இறங்கி இடம் மாற்றிக்கொள்ளச் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை

அந்த வெள்ளிக்கிழமை காலை வெயில் ஏறுவதற்குள் கார் எங்கள் வாசலில் வந்து நின்றது. பின்னால் பெட்டிகளுக்கு நடுவே ஏழுமலை. வலது சீட்டில் பாய். ஸ்டியரிங்கில் அந்த அம்மா.

"ஏர்போர்ட்டுக்குப் போறோங்க" என்றார் மெகருன்னிசா. "லைட்டு எரியல. பெடலும் நல்லாருக்கு. ஆனா ஒரு புதுக் கோளாறு. இந்தப் பக்கம் ஒரு காலு கோட்டக்குப்பத்துலேர்ந்து மிதிச்சிக்கினே வருது. எதிர்ல மாடு வந்தா மிதிக்குது, பஸ்ஸு வந்தா மிதிக்குது. அங்க பிரேக்கே இல்ல. இதைக் கொஞ்சம் பாருங்களேன்."

குனிந்து பார்த்தேன். பாயின் வலது கால் கீழே தகரத்தை அழுத்திக்கொண்டுதான் இருந்தது. வண்டி நின்றிருக்கும்போதே! அவர் வெட்கத்தோடு சிரித்துக் காலை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"அது எங்க பட்டறையில சரியாவாதும்மா. போவப் போவ தானா வுட்டுடும்" என்றேன்.

சாயங்காலம் அதே கார் திரும்பி வந்து நின்றது. வலது பக்க சீட் காலி. மெகருன்னிசாவின் கண் சிவந்திருந்தது. முகம் மட்டும் சிரித்தது. முந்தின நாள் தீவனூர்ப் பெண் கொடுத்ததாகச் சொல்லி ஒரு சிறு பை கொள்ளை மச்சானிடம் நீட்டினார்.

"என்னாம்மா, அந்தக் காலு சரியாச்சா?" என்றேன்.

"எங்கங்க? மீனம்பாக்கம் வரைக்கும் மிதிச்சாரு" என்றார். பிறகு கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி விரித்துக் காட்டினார். உள்ளங்கையில் ஒரே வளையத்தில் இரண்டு சாவி.

"உள்ள போயிட்டு, போலீஸ்காரர்கிட்ட கெஞ்சி, திரும்ப வெளிய வந்து அவரு சாவியக் குடுத்துட்டுப் போனாரு."